உயிரோடிருப்பவரை மௌத்தானவர் என எழுதலாமா?

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஒரு பதிவேடு உண்டு. நிக்காஹ் பதிவேட்டுக்கு அருகில், அதே அலமாரியில் இருப்பது அது. மௌத்தானவரின் பெயர், தகப்பனார் பெயர், தெரு, தேதி ஆகியவற்றைக் கணக்கப்பிள்ளை அதில் எழுதி வைப்பார். நான் மத்ரஸாவில் ஓதிக் கொண்டிருந்த காலத்தில், மலேசியாவில் கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் காலமாகிவிட்டார் எனத் தந்தி வந்தது. ஊரார் கூடிக் காயிப் ஜனாஸா தொழுதனர். அவர் பெயர் பதிவேட்டில் ஏறிற்று. அவர் மனைவி இத்தாவில் அமர்ந்தார். நாற்பதாம் நாள் ஓதி முடித்துச் சில நாட்களே ஆகியிருக்கும். அந்த மனிதர் கையில் பெட்டியோடு வந்து தெருவில் இறங்கினார்! இறந்தவர் அதே பெயருடைய வேறொருவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பின் முத்தவல்லி, ஊரார் முன்னிலையில் பதிவேட்டைத் திறந்து அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையொப்பமிட்டு, அவருடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். வந்தவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “என் பெயரை எழுதுவதற்கு முன் யாரைக் கேட்டீர்கள்?” கூடியிருந்தோரில் எவரிடமும் விடை இல்லை.

அன்று நடந்தது தவறு. ஆனால் அது பொய்யன்று. எழுதியவர் உண்மையென நம்பித்தான் எழுதினார். உண்மை தெரிந்தவுடன் அடித்தார். ஒருவர் உயிரோடிருக்கிறார் என்பதை நன்கறிந்தே, அவரை மௌத்தானவர் என்று எழுதினால் அதற்கு என்ன பெயர் சொல்வது? அப்படியும் எழுதுவார் உண்டோ என்று வாசக நேயர்கள் வினவலாம். உண்டு. அதுவும் உலகின் செல்வம் மிக்க நாடொன்றில், அரசாங்கத்தின் கையாலேயே எழுதப்பட்டது.

நடந்தது என்ன?

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், உயிரோடிருக்கும் 6,000-க்கும் மேற்பட்ட குடியேறிகளின் பெயர்களையும் எண்களையும் இறந்தோரின் மூலப் பட்டியலில் சேர்த்தது. இவர்கள் இரவில் வேலி தாண்டி ஒளிந்து நுழைந்தவர்கள் அல்லர். முந்தைய ஆட்சியில் தற்காலிக அனுமதி பெற்று வந்தவர்கள். எல்லையில் நேரம் குறித்துக் கொள்வதற்கென அந்த அரசே 2023 ஜனவரி முதல் ஒரு கைப்பேசிச் செயலியை ஏற்படுத்தியிருந்தது. அதன் வழியாக மட்டும் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதிகாரிகள் முன் தோன்றி, அனுமதி பெற்று உள்ளே வந்தனர். இதுவும் இதுபோன்ற பிற திட்டங்களும் திறந்துவிட்ட வாயில்களின் வழியே வந்தோர் பலர், வேலை செய்ய உத்தரவு கேட்டுப் பெற்றார்கள். அந்த உத்தரவின்மேல் சமூகப் பாதுகாப்பு எண்ணும் அவர்களுக்கு முறையாக வழங்கப்பட்டது.

2025 ஜனவரியில் ஆட்சி மாறியது. புதிய அரசு, முன்னவர் தந்த அனுமதிகளை ஏப்ரலில் இரத்துச் செய்யத் தொடங்கியது. அதோடு நில்லாமல், சிலருடைய எண்களைச் செல்லாதவையாக்க ஒரு குறுக்கு வழியையும் கண்டது. எண்ணை இரத்துச் செய்வதற்குப் பதிலாக, எண்ணுக்குரியவரை இறந்தவராகக் குறித்துவிட்டால் போதும். வேலை, வங்கிக் கணக்கு, கடன் அட்டை, அரசு உதவி அனைத்தும் ஒரே நேரத்தில் அற்றுப்போகும். வாழ வழியற்றவர் தாமாகவே நாட்டை விட்டுப் போய்விடுவார். இதுவே நோக்கம். இவர்களுடைய பொருளாதார வாழ்வு முடித்து வைக்கப்படும் என்ற பொருளில், அந்நிர்வாகத்தின் தற்காலிகத் தலைவர் தம் ஊழியர்களுக்கு எழுதியதை அந்நாட்டு ஏடுகள் வெளியிட்டன. இறந்தோர் பட்டியல் என்ற பெயர் உறுத்தியது போலும். ‘தகுதியற்றோர் பட்டியல்’ என அதற்குப் புதுப்பெயரும் சூட்டப்பட்டது.

இதில் ஒரு விந்தையையும் காண வேண்டும். அதே ஆண்டின் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பதிவேட்டில் நூறு வயதைத் தாண்டிய கோடிக்கணக்கானோர் இன்னும் உயிரோடிருப்பதாகக் காட்டப்படுகிறார்கள், இது பெரும் மோசடி என்று அதே அரசுதான் முழங்கியது. இறந்தவரை உயிருள்ளவராக எழுதி வைத்திருப்பது மோசடி என்றால், உயிருள்ளவரை இறந்தவராக எழுதுவது எதுவாம்?

ஓர் எண்ணில் அடங்கியிருப்பது

ஒன்பது இலக்கங்கள் கொண்ட ஓர் எண் போனதற்கு இத்தனை கவலை ஏன் என்று சிலர் நினைக்கக் கூடும். அதன் வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

1935-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ரூஸ்வெல்ட் அதிபராக இருந்தபோது, சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. உழைக்கும் காலத்தில் கூலியில் ஒரு பகுதியைச் செலுத்தி, முதுமையில் ஓய்வூதியமாகப் பெறுவதே அதன் சாரம். யார் எவ்வளவு செலுத்தினார் என்று கணக்கு வைக்க, 1936 நவம்பர் முதல் ஆளுக்கோர் எண் வழங்கப்பட்டது. அதற்கு மேல் அந்த எண்ணுக்கு வேறு வேலை இருக்கவில்லை. 1946 முதல் 1972 வரை அந்த அட்டையிலேயே, இஃது அடையாளச் சான்றன்று என்ற அறிவிப்பு அச்சிடப்பட்டிருந்தது!

நாளடைவில் நிலைமை தலைகீழாயிற்று. வேலையில் அமர்த்துவோர் அதைக் கேட்டனர், வங்கி கேட்டது, வாடகைக்கு வீடு விடுபவர் கேட்டார், வரி அலுவலகம் கேட்டது. மனிதன் எண்ணை வைத்திருந்த காலம் போய், எண் மனிதனை வைத்திருக்கும் காலம் வந்தது. அமெரிக்காவில் பிள்ளைகளைக் கொண்டிருக்கும் நம் குடும்பத்தார் இதை நன்கறிவர். அங்கே போய் இறங்கிய பிள்ளை, எண் வந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னால்தான் இங்கே பெற்றோருக்கு நிம்மதி.

இறந்தோர் பட்டியலும் நன்னோக்கத்தில் தோன்றியதே. இறந்தவர் பெயரில் எவரும் பணம் பெறக் கூடாது. அவருடைய எண்ணை வைத்து எவரும் கடன் வாங்கக் கூடாது. அதற்காகவே அதை வங்கிகளும் கடன் நிறுவனங்களும் பார்க்கின்றன. ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 லட்சம் மரணச் செய்திகள் அந்நிர்வாகத்துக்கு வருகின்றன. அவற்றில் பிழையாக வருபவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. எனினும் மொத்தம் பெரிதாகையால், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் உயிரோடிருக்கும்போதே இறந்தவராகப் பதிவாகிறார்கள். பிறந்த நாட்டிலேயே வாழும் குடிமக்கள்கூட அவ்வாறு பதிவாகிவிட்டால் படும் பாடு சொல்லி மாளாது. ஓய்வூதியம் நின்றுவிடும், வங்கிக் கணக்கு முடங்கும், மருத்துவக் காப்பீடு அறுபடும். மூலச் சான்றுகளைச் சுமந்துகொண்டு அலுவலகத்துக்கு நேரில் போய், நான் உயிரோடிருக்கிறேன் என்று மெய்ப்பிக்க வேண்டும்.

குடிமகன் அந்த அலுவலகத்துக்குத் துணிந்து போவான். அனுமதி இரத்தான வெளிநாட்டான் எப்படிப் போவான்? அரசு அலுவலகத்தின் வாசலில் கால் வைத்தால் திரும்பி வருவோமா என்ற அச்சம் அவனை வழியிலேயே நிறுத்திவிடும். பிழையைத் திருத்தும் வாயிலும் அபாயத்தின் வாயிலும் அவனுக்கு ஒன்றாகிவிட்டன.

இந்தச் செயலின் உள்ளே இருக்கும் கொடுமை இங்கேதான் வெளிப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவன் மறுத்துப் பேசலாம். நாடு கடத்த உத்தரவிடப்பட்டவன் நீதிபதியிடம் முறையிடலாம். கடன்காரன் தவணை கேட்கலாம். இறந்தவன் என்ன செய்வான்? மையித்துக்கு வாய் இல்லை. ஒருவரை இறந்தவராக எழுதுவது அவருடைய உரிமைகளில் ஒன்றைப் பறிப்பதன்று. எந்த உரிமையையும் கேட்பதற்கான வாயையே அடைப்பது.

எதிர்வாதங்கள்

மறுதரப்பின் வாதத்தையும் நேர்மையோடு எடுத்துக் கொள்வோம்.

தன் எல்லைக்குள் யார் வரலாம், எத்தனை நாள் இருக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை ஓர் அரசுக்கு உண்டு என்பர். உண்மையே. தற்காலிக அனுமதி எனப்பட்டது தற்காலிகமானதுதான். ஓர் அரசு தந்ததை மற்றோர் அரசு மீட்டுக் கொள்ளலாம் என்பர். அதையும் ஒப்புக் கொள்வோம். பட்டியலில் ஏற்றப்பட்டவர்கள் குற்றவாளிகளும் பயங்கரவாதச் சந்தேகத்துக்கு உரியவர்களுமே என்று அரசுத் தரப்பு சொல்லிற்று. அப்படியாயின் குற்றத்துக்குச் சட்டம் இருக்கிறது, சந்தேகத்துக்கு விசாரணை இருக்கிறது. குற்றவாளிக்குரிய தண்டனைகளில், அவன் பிறந்த தேதிக்கு எதிரே பொய்யான மரணக் குறிப்பை எழுதுவதும் ஒன்றா?

நம்முடைய ஃபிக்ஹு நூல்களில் ‘அமான்’ என்றொரு பாடம் உண்டு. அந்நிய நாட்டான் ஒருவனுக்குப் பாதுகாப்பு வாக்குறுதி தந்து உள்ளே அனுமதிப்பதைப் பற்றியது அது. அந்த வாக்குறுதி நிரந்தரமானதன்று, முடித்துக் கொள்ளலாம். ஆனால் முடிப்பவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அவன் தனக்குப் பாதுகாப்பான இடத்தை அடையும்வரை அவன் உயிருக்கும் பொருளுக்கும் தீங்கு வரக் கூடாது. போகச் சொல்வதற்கு ஒரு நேர்மையான வழி இருக்கிறது என்பதையே இப்பாடம் கற்பிக்கிறது. முகத்துக்கு நேரே நின்று ‘போ’ என்று சொல்வது கடுமையாக இருக்கலாம். ஆயினும் அதில் பொய் இல்லை. சொல்லாமலே கிணற்றைத் தூர்த்துவிட்டு, தாகத்தால் அவனாகவே போனான் என்று சொல்வது வேறு.

இவையெல்லாம் வெறும் நிர்வாக ஏற்பாடுகள், பட்டியலின் பெயரைத்தான் மாற்றிவிட்டார்களே என்போரும் உண்டு. பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டை மாற்றுவதால் உள்ளே இருப்பது மாறுமா? புதுப்பெயர் சூட்டிய பின்னும் அந்தப் பட்டியலின் வேலை பழைய வேலைதான். ஓர் எண் அதில் ஏறினால், அதற்குரியவரோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் வேண்டாம் என்று வங்கிகள் ஒதுங்குகின்றன. இத்தனை காலம் அது உண்மையைச் சொல்லி வந்தது என்ற நம்பிக்கையே அதன் வலிமை. அந்த வலிமையைப் பொய்க்குப் பயன்படுத்தினால், நாளை உண்மையாகவே கணவனை இழந்த பெண் காப்பீட்டுத் தொகை கேட்டு வரும்போது, பட்டியலை நம்பலாமா என்ற ஐயம் எழும். கள்ள நாணயம் ஒன்று புழக்கத்துக்கு வந்தால் நல்ல நாணயமும் கல்லில் தட்டிப் பார்க்கப்படும் அன்றோ?

காணாமற் போனவரும் கண்முன் நிற்பவரும்

மத்ரஸாவில் வாரிசுரிமைப் பாடம் ஓதும்போது ‘மஃப்கூத்’ என்ற சொல் வரும். எங்கே போனார், உயிரோடிருக்கிறாரா, இறந்தாரா என்று எதுவுமே அறியப்படாதவர் என்பது அதன் பொருள். இளம் பருவத்தில் அந்தப் பாடம் எனக்குச் சலிப்பாக இருந்தது. ஓர் ஆளைக் காணவில்லை. அதற்கு இத்தனை பக்கங்களா என்று தோன்றும். இன்று அந்தப் பக்கங்களின் அருமை தெரிகிறது.

ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள், காணாமற் போனவரின் சொத்தை அவர் வயதொத்தவர்கள் எல்லாம் மறையும்வரை வாரிசுகளுக்குப் பங்கிடக் கூடாது என்றனர். அவருடைய தகப்பனார் இறந்தால், அவருக்குரிய பங்கை எடுத்துத் தனியே நிறுத்தி வைக்க வேண்டும் என்றனர். காரணம் எளியது. அவர் உயிரோடிருந்தார் என்பது உறுதி. இறந்தார் என்பது ஐயம். உறுதியை ஐயத்தால் அழிக்கலாகாது. காத்திருக்கும் மனைவியின் துன்பத்தை எண்ணி மாலிக்கி மத்ஹபு நான்கு ஆண்டுத் தவணையை ஏற்றது. நம் நாட்டின் 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் அதையே பின்பற்றிற்று. அந்தச் சட்டத்திலும் ஒரு நுட்பம் உண்டு. நான்கு ஆண்டுகள் கடந்து தீர்ப்பு வந்த பின்னும், அது ஆறு மாதம் செயலுக்கு வராது. அதற்குள் கணவன் வந்து, தன் கடமைகளை ஆற்றத் தயார் என்று நீதிமன்றத்தை நம்ப வைத்தால் தீர்ப்பு விலக்கப்படும்.

எவரும் காணாத ஒருவரை, எந்தச் செய்தியும் வராத ஒருவரை, ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் இறந்தார் என்று சொல்ல நம் முன்னோர் தயங்கினார்கள். அவர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கதவைச் சற்றே திறந்து வைத்தார்கள். இங்கோ, காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர், கூலியில் நூற்றுக்கு 6.2 பங்கை அதே நிர்வாகத்துக்குச் செலுத்தி வந்தவர், ஒரு தயக்கமும் இன்றி இறந்தவராகிறார்.

ஐரோப்பாவில் ‘குடிமை மரணம்’ என்றொரு தண்டனை முன்பு இருந்தது. பிரான்சு நாட்டில் கொடுங்குற்றவாளிகளுக்கு அது விதிக்கப்பட்டது. சொத்து வாரிசுகளுக்குப் போகும், திருமணமும் முறியும். மனிதத் தன்மைக்கு ஒவ்வாதது என்று 1854-இல் அந்நாடு அதை ஒழித்தது. அந்தப் பழைய தண்டனைகூட நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பின்னரே வந்தது என்பதை நினைவில் கொள்க.

நம் நாட்டில் ஒருவர்

நம் நாட்டில் இது நடவாதது என்று எண்ண வேண்டாம். உத்தரப் பிரதேசத்து ஆஸம்கட் மாவட்டத்தைச் சேர்ந்த லால் பிஹாரி, 1970-களில் வங்கிக் கடன் வாங்கச் சான்று கேட்டுப் போனார். நிலப் பதிவேட்டில் அவர் இறந்துவிட்டதாக எழுதப்பட்டிருந்தது. நிலத்தின்மேல் ஆசை கொண்ட உறவினர், எழுதும் கையைச் சரிக்கட்டியிருந்தார். எதிரே உயிரோடு நிற்கும் மனிதரைவிட எழுதிய தாளே அதிகாரிகளுக்குப் பெரிதாகப் பட்டது. தம் பெயரோடு ‘இறந்தவர்’ என்ற பொருள்படும் சொல்லைச் சேர்த்துக் கொண்டார். மனைவிக்கு விதவை உதவித்தொகை கேட்டு மனுச் செய்தார். தேர்தலில் நின்றார். தம்மைப் போன்றோருக்கெனச் சங்கமும் கண்டார். 1994-இல்தான் பதிவேடு அவரை மீண்டும் உயிரோடு சேர்த்துக் கொண்டது. ஏறத்தாழ 19 ஆண்டுகள்!

அவருக்கு எதிரே நின்றது இலஞ்சம் வாங்கிய சிறு அலுவலரின் பேனா. அதைத் திருத்த மேலே ஓர் அரசு இருந்தது. பொய்யை எழுதுவதே அரசாக இருக்கும்போது, மேலே யாரிடம் போவது?

எழுதுகோலின் அமானத்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று மாணவர்களிடம் கேட்பேன். தொழுகையைப் பற்றி என்பார்கள், மறுமையைப் பற்றி என்பார்கள். அல்பகரா அத்தியாயத்தின் அந்த வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்கிறது. யார்மீது பொறுப்பு விழுகிறதோ அவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், அவரால் இயலாவிடில் அவருடைய காப்பாளர் சொல்ல வேண்டும் என்கிறது. எழுதியவருக்கும் சாட்சிக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. ஒரு சிறு கடனுக்கே இத்தனை காவல். அவ்வாறாயின் ஒரு மனிதனின் உயிரைப் பற்றிய எழுத்துக்கு எத்தனை காவல் வேண்டும்!

அமெரிக்காவில் நடந்ததை இந்த மூன்று அளவைகளாலும் அளந்து பாருங்கள். எழுதியது உண்மையன்று. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவருடைய வாய்ச்சொல் கேட்கப்படவில்லை. இது முறையன்று என ஆட்சேபித்த மூத்த அதிகாரி ஒருவர் தம் அலுவலகத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார் என்று அந்நாட்டு ஏடுகள் எழுதின. அந்த மனிதர் எந்தச் சமயத்தவர் என்பது எனக்கு முக்கியமன்று. எழுதுகோல் ஓர் அமானத் என்பதை உணர்ந்தவர் அவர்.

அரசுகள் வரும், போகும். அனுமதிகள் தரப்படும், மீட்கப்படும். அவற்றில் எது சரி, எது தவறு என்று நாடுகள் வாதிட்டுக் கொள்ளட்டும். ஆனால் இருக்கிறவரை இருக்கிறார் என்றும், இல்லாதவரை இல்லை என்றும் எழுதுவது அரசியலுக்கு முந்தைய கடமை. அதைக் கைவிட்ட அரசு, தான் வெறுப்பவரை மட்டுமன்று, தன் பதிவேட்டை நம்பி வாழும் அனைவரையும் கைவிடுகிறது. இன்று குடியேறியின் எண். நாளை யாருடைய எண் என்பதை அந்தப் பேனா மட்டுமே அறியும்.

எங்கள் ஊர்ப் பதிவேட்டில் அந்த அடித்த வரி இன்றும் இருக்கிறது. மலேசியாக்காரர் அதன்பின் பல்லாண்டு வாழ்ந்து, தம் வீட்டிலேயே காலமானார். அவர் பெயர் இரண்டாம் முறையாக, உரிய பக்கத்தில் எழுதப்பட்டது. அந்தத் தந்திக்குப் பிறகு, வெளியூரிலிருந்து மௌத்துச் செய்தி வந்தால் நேரில் கண்ட இருவரின் சொல் கிடைக்காமல் எங்கள் கணக்கப்பிள்ளை பேனாவின் மூடியைத் திறப்பதில்லை.